கணக்கில் ஏறாத ஆறு கோல்கள்

நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பகுதியில் உதவி ஆசிரியராக நான் சேர்ந்தபோது எனக்கு முதலில் தரப்பட்ட வேலை எழுதுவதன்று, எண்களைச் சரிபார்ப்பது. எத்தனை ஆட்டம், எத்தனை கோல், எந்த ஆண்டு என்று செய்தி நிறுவனங்கள் அனுப்பும் தாள்களை வரிவரியாகப் பார்த்து, அட்டவணையில் ஏற்றி, பக்கம் கட்டுபவரிடம் கொடுக்க வேண்டும். முன்கள ஆட்டக்காரர் ஒருவரின் உழைப்பு முழுவதும் கடைசியில் இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடும் என்றுதான் அன்று நம்பினேன். அந்த நம்பிக்கையை அசைத்தவர், நான் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஸ்காட்லாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் டெனிஸ் லா.

அவரைப் பற்றி நான் முதன்முதலில் எழுதியது ஒரு சிறிய பெட்டிச் செய்தி. 'தன் பழைய அணியான மான்செஸ்டர் யுனைடெட்டை ஒரே கோலால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளியவர்' என்று அதில் எழுதியிருந்தேன். அடுத்த வாரமே ஒரு வாசகரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. கீழே இறங்காமல் தப்ப யுனைடெட்டைப் போலவே போராடிய பர்மிங்காம் அணி அதே நாளில் தன் ஆட்டத்தில் வென்றுவிட்டதால், லா கோல் போடாமல் இருந்திருந்தாலும் யுனைடெட் இறங்கியே தீர வேண்டியிருந்தது என்று அவர் பொறுமையாக விளக்கியிருந்தார். மறுநாள் திருத்தம் வெளியிட்டோம். ஊரெல்லாம் சொல்லும் கதை என்பதாலேயே அதைச் சரிபார்க்காமல் விட்டது என் தவறு. அந்த அட்டை இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. லாவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் 1940இல், மீன்பிடித் தொழிலாளி ஒருவரின் ஏழு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் அவர். மெலிந்த உடம்பு, மாறுகண், தடித்த கண்ணாடி. பார்த்தவுடன் இவன் பந்து விளையாடுவான் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட சிறுவனை 1955இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் அணி சேர்த்துக்கொண்டது. அங்கே வந்த பிறகு கண்ணுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பதினாறு வயதில் முதல் ஆட்டம், பதினெட்டு வயதில் ஸ்காட்லாந்து தேசிய அணி. 1960இல் 55,000 பவுண்டுக்கு மான்செஸ்டர் சிட்டி அவரை வாங்கியபோது, பிரிட்டனில் அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை.

என்னைப் பிடித்து நிறுத்திய ஆட்டம் 1961 ஜனவரி 28ஆம் தேதி இங்கிலாந்து அணிகள் மோதும் எஃப்.ஏ. கோப்பைக்காக லூட்டனில் நடந்தது. மழையில் ஊறிய மைதானம். சிட்டி முதலில் 2-0 எனப் பின்தங்கியது. அதன் பிறகு ஆறு கோல்கள் விழுந்தன. ஆறையும் அடித்தவர் லா ஒருவரே. 6-2 என்றிருந்தபோது, 69ஆவது நிமிடத்தில், தேங்கிய நீரில் இனி ஆட முடியாது என்று நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டார். கைவிட்ட ஆட்டத்தின் கோல்கள் கணக்கில் ஏறவில்லை. நான்கு நாள் கழித்து ஆட்டம் புதிதாகத் தொடங்கியது. சிட்டி 3-1 எனத் தோற்று வெளியேறியது. சிட்டியின் அந்த ஒரு கோலும் லாவுடையதுதான். எஃப்.ஏ. கோப்பையில் அவருடைய மொத்தக் கணக்கு 41. பின்னாளில் இயன் ரஷ் 44 கோல்களுடன் அதைத் தாண்டினார். சேற்றில் கால் புதையப் போட்ட அந்த ஆறும் சேர்ந்திருந்தால் 47 ஆகியிருக்கும். அட்டவணை பார்த்தே பிழைப்பு நடத்தும் எனக்கு, இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்த நாளில் வெகுநேரம் மனம் ஒப்பவில்லை.

இத்தாலியின் டொரினோ அணியில் ஓராண்டு ஆடிவிட்டு, 1962இல் 115,000 பவுண்டுக்கு மேட் பஸ்பி பயிற்றுவித்த மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்தார். அங்கே அவர் உச்சத்தைத் தொட்டார்: 404 ஆட்டங்கள், 237 கோல்கள், 1963-64 பருவத்தில் மட்டும் 46. 1964இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருது பெற்றார். இன்றுவரை அதைப் பெற்ற ஸ்காட்லாந்துக்காரர் அவர் ஒருவரே. கோல் போட்டதும் நீளக் கைச் சட்டையின் முனையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி ஒரு கையை உயர்த்துவார். ஆனால் 1968இல் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இரவில் அவர் முழங்கால் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தார். அந்த இறுதி ஆட்டத்தின் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

1973இல் யுனைடெட் அவரை விடுவித்தது. அவர் மீண்டும் சிட்டிக்கு வந்தார். 1974 ஏப்ரல் 27 அன்று யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் இரு அணிகளும் மோதின. ஆட்டம் முடியச் சுமார் பத்து நிமிடம் இருக்கையில், யாரும் கோல் போடாத நிலையில், சிட்டியின் பிரான்சிஸ் லீ அனுப்பிய பந்து கோலுக்கு முதுகு காட்டி நின்ற லாவின் காலடிக்கு வந்தது. குதிகாலால் பின்னுக்குத் தட்டினார்; பந்து உள்ளே போனது. அந்தப் படச்சுருளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சக ஆட்டக்காரர்கள் ஓடி வந்து தோளைத் தட்டுகிறார்கள். அவருடைய கை உயரவில்லை, தலை தாழ்ந்தே இருக்கிறது. உடனே மாற்று ஆட்டக்காரருக்கு இடம் விட்டு வெளியே நடக்கிறார். ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்துவிட்டதால் அந்த ஆட்டமும் நேரத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. ஆனால் லீக் நிர்வாகம் 1-0 என்ற முடிவைச் செல்லும் என்று அறிவித்தது. லூட்டனில் பாதியில் நின்ற ஆட்டம் அவர் மனமாரப் போட்ட ஆறு கோல்களை அழித்தது. இங்கே பாதியில் நின்ற ஆட்டம், அவர் விரும்பாத ஒரு கோலைப் பதிவேட்டில் நிரந்தரமாக்கியது. அப்படியும் அந்தப் பந்தை அவர் தட்டாமல் விடவில்லை. அதை நான் மிகவும் மதிக்கிறேன். சம்பளம் தந்த அணிக்காகச் செய்ய வேண்டியதைச் செய்தார், அதைக் கொண்டாட மட்டும் மறுத்தார். அந்த ஆண்டு மேற்கு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பையில் ஆப்பிரிக்க நாடான ஜைருக்கு (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) எதிராக ஓர் ஆட்டம் ஆடியதோடு ஸ்காட்லாந்துக்கான அவர் கணக்கு 55 ஆட்டங்கள், 30 கோல்கள் என்று முடிந்தது. ஸ்காட்லாந்தின் இன்னொரு ஆட்டக்காரரான கென்னி டால்கிலிஷின் கணக்கும் அதே 30 கோல்கள்தான், ஆனால் அவர் ஆடியது 102 ஆட்டங்கள்.

மறதிநோய் வந்திருப்பதை 2021இல் அவரே வெளிப்படையாக அறிவித்தார். 2025 ஜனவரி 17 அன்று, 84 வயதில் காலமானார். அந்தச் செய்தி வந்தபோது பக்கத்தில் கால் பத்தி இடம்தான் இருந்தது. முதலில் அஞ்சலட்டையை எடுத்து ஒருமுறை படித்தேன். ஓல்ட் டிராஃபோர்ட் கோலைப் பற்றிய வரியில் பர்மிங்காமின் வெற்றியைச் சேர்த்தேன். இடம் போதாதபோது டொரினோ ஆண்டையும் வாங்கிய விலைகளையும் வெட்டினேன். அட்டவணையில் 41 என்றே போட்டேன், அதுதான் பதிவு. அதற்குக் கீழே, லூட்டனில் மழையில் கரைந்த ஆறு கோல்களுக்கு நான்கு வரி ஒதுக்கினேன்.