டப்பாவில் இருக்கும் முக்கோணம்

சர்ஜாபுரம் பக்கம் தக்காளி போடும் எங்கள் மாமா, பூச்சிமருந்தை வெறுங்கையால்தான் கலக்குவார். கேட்டால், "இத்தனை வருஷத்துல ஒண்ணும் ஆகலையேப்பா" என்பார். டப்பாவில் மஞ்சள் முக்கோணம். சிவப்புதான் கடும் விஷம், அதற்கடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை என்றால் சர்பத் இல்லை, அதுவும் விஷம்தான்.

முகத்தில் துண்டு கட்டுகிறார், சரி. ஆனால் நனைந்த துண்டு மருந்தை மூக்கோடு ஒட்டி வைக்கும். தவிர, தெளிப்பவர் உடம்புக்குள் மருந்து அதிகம் போவது தோல் வழியாக. இந்த வெயிலில் ரப்பர் கையுறை கொடுமைதான், ஒத்துக்கொள்கிறேன். விடியற்காலையில் அடிக்கலாமே, காற்றுக்கு எதிராக நிற்காமல்?

ஸ்பிரேயர் முனையில் இருக்கும் நாசில் அடைத்தால் வாய் வைத்து ஊதும் பழக்கத்தை மட்டும் அத்தை ஒழித்துவிட்டார். பழைய டூத் பிரஷ் ஒன்றை ஸ்பிரேயரிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.