கல்லைவிட மென்மையான சாந்து

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத் தலைநகரான ஃபிராங்ஃபர்ட் சிறிய ஊர்தான். அங்குள்ள பழைய சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தால், குவிமாடத்தின் கீழ் வளைந்தேறும் கல் படிக்கட்டு தானாக அண்ணாந்து பார்க்க வைக்கும். நடுவில் தாங்கும் தூண் கிடையாது. கற்களின் துல்லியமான பொருத்தமும் ஒன்றையொன்று அழுத்தும் எடையும்தான் அதை நிறுத்தியிருக்கின்றன. கட்டடக் கலைஞர் கிடியன் ஷ்ரையாக் வடிவமைத்த இக்கட்டடம் 1830-இல் முடிந்து, 1910 வரை சட்டமன்றமாக இருந்தது. முகப்பில் உச்சியில் சுருள் வேலைப்பாடு கொண்ட கிரேக்கப் பாணி அயோனியத் தூண்கள். ‘கென்டக்கி ஆற்றுப் பளிங்கு’ என்று பெயரே தவிர, கல் சுண்ணாம்புக்கல்தான்.

இதுபோன்ற கட்டடத்தில் பெரும் சேதம் மழையால் வருவதில்லை, நல்லெண்ணத்தோடு பூசிய சிமெண்டால் வருகிறது. கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளைச் சிமெண்டால் இறுக்கிவிட்டால், சுவருக்குள் புகுந்த ஈரம் சந்து வழியே வெளியேற முடியாது. கல்லின் முகம் வழியாகத்தான் போகும். ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு கல்லின் முகத்துக்குப் பின்னால் படிகமாகும், குளிர்காலத்தில் ஈரம் உறையும், கல் செதில் செதிலாக உதிரும். சாந்து கல்லைவிட மென்மையானதாகவே இருக்க வேண்டும். தேயவேண்டியது சாந்து, அதை மாற்றிக்கொள்ளலாம், கல்லை மாற்றுவது அப்படியல்ல.

பழைய சாந்தை, சந்தின் அகலத்தைப்போல் குறைந்தது இரண்டு, இரண்டரை மடங்கு ஆழத்துக்கு எடுக்க வேண்டும். 10 மி.மீ. சந்துக்கு 25 மி.மீ. ஆழம். உளியும் சுத்தியும் போதும். மின்சாரத்தில் சுழன்று அறுக்கும் கிரைண்டர் ஒரு நொடி வழுக்கினால் கல்லின் விளிம்பு போய்விடும். தூசியைக் கழுவி, கல்லை நனைத்து, நீர் வழியாத ஈரத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று தொடங்கலாம். ஆனால் பழைய சாந்தைச் சோதித்து மணலின் பருமனையும் நிறத்தையும் ஒத்துப் பார்த்த பிறகே அளவை உறுதிசெய்ய வேண்டும். ஒரே மூச்சில் திணித்தால் சுருங்கி வெடிக்கும். 6 மி.மீ. அடுக்காகச் செலுத்தி, கட்டைவிரல் பதியும் பக்குவத்துக்கு இறுகியதும் அடுத்த அடுக்கு. பிறகு நனைந்த சணல் சாக்கு போட்டு, சில நாள் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இந்த வேலையைத் தொடவே கூடாது.

படிக்கட்டுக்கு விதி வேறு. விரிசல் தெரிந்த உடனே எப்பாக்சி என்ற இறுகும் பசையை ஊற்றினால் அந்த இடம் மட்டும் விறைத்து, பாரம் பக்கத்துப் படிக்குத் தாவும். முதலில் விரிசலின் அகலத்தை அளக்கும் விரிசல்மானியைப் பொருத்தி, கோடையும் குளிரும் ஒரு முழுச் சுற்று வரும்வரை அளவெடுக்க வேண்டும். பருவத்தோடு விரிந்து சுருங்குவது ஒன்று, நிற்காமல் அகல்வது வேறு. கைப்பிடிக்காகக் கல்லில் புது இரும்பு போல்ட் இறக்குவதும் தவறு. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும்.

வாசல் படியில் பனி விழும் நாளில் யாராவது பனியை உருக்கப் பாறை உப்பைத் தூவாதபடி, வாளி நிறைய மணலைக் கதவருகிலேயே வைத்துவிடுவது நல்லது.