வாய் திறக்காத மாதங்கள்

திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள், தமிழ்வழிப் பள்ளியில் சேர்ந்த முதல் சில மாதங்கள் வகுப்பில் வாயே திறக்காமல் இருந்தால், அதைப் பலரும் மந்தம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. "நோட்டை எடுங்க" என்று ஆசிரியர் சொன்னதும் பக்கத்துப் பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பையைத் திறக்கும் குழந்தை, நாளடைவில் யாரையும் பார்க்காமலே திறக்கிறது என்றால், பேச்சு வருவதற்கு முன்பே பொருள் பிடிபட்டுவிட்டது என்றுதானே கொள்ள வேண்டும்?

மொழி கற்றல் ஆய்வாளர் ஸ்டீபன் கிராஷென் இதை மௌனக் காலம் என்றே குறிப்பிட்டார். உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்த மொழிப் பயிற்று முறையிலும் மாணவர்கள் ஆசிரியரின் கட்டளையைக் கேட்டு எழுவார்கள், நடப்பார்கள், கதவைத் திறப்பார்கள். பேசும்படி யாரும் நெருக்குவதில்லை.

காதுக்கும் அவகாசம் தேவைப்படுகிறது. இந்தி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு நம் ழகரமும் ளகரமும் தொடக்கத்தில் லகரமாகவே கேட்கக்கூடும். (நம்மவர்களிலேயே பலருக்கு ழகரம் வசப்படவில்லை என்பது வேறு கதை.)

வீட்டில் தாய்மொழியிலும் அந்தப் பிள்ளை பேசுவதில்லை என்றால் மட்டும், தாமதிக்காமல் செவித்திறனைப் பரிசோதித்துவிட வேண்டும்.