ஸ்னோ ஒயிட் மேல் இவ்வளவு கோபம் எதற்கு?

அந்த வீடியோ இன்று மறுபடி கண்ணில் பட்டது. 2022இல் டிஸ்னியின் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ பட டீசரைப் பார்க்கும் கறுப்பினச் சிறுமிகள்.

பழைய கார்ட்டூனில் வெள்ளைத்தோலோடு இருந்த கடற்கன்னி ஏரியலாக கறுப்பின நடிகை ஹாலி பெய்லியின் முகம் தெரிந்ததும், அவளும் தன்னைப் போலவே இருக்கிறாள் என்று பெற்றோரிடம் சொல்லும்போது அந்தக் குழந்தைகளின் கண் விரிவதைப் பாருங்கள். நம்பவே முடியாமல் திரும்பத் திரும்பத் திரையைப் பார்க்கிறார்கள்.

அதே டீசருக்கு யூட்யூபில் பத்து லட்சத்துக்கும் மேல் டிஸ்லைக். படம் வர இன்னும் எட்டு மாதம் இருந்தது, அவர் நடிப்பை யாரும் பார்க்கவில்லை, பார்த்தது தோலை மட்டும்தான்.

அப்புறம் டிஸ்னியின் புதிய ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் நாயகி, அமெரிக்க நடிகை ரேச்சல் ஜெக்லர். தாய்வழியில் கொலம்பிய வேர்கள் என்பதால் கதையில் பனி போல வெண்மையான ஸ்னோ ஒயிட்டாக அவரை அறிவித்த 2021லேயே வசவு தொடங்கிவிட்டது. 1937இல் வந்த டிஸ்னியின் பழைய ஸ்னோ ஒயிட் கார்ட்டூன் படத்தின் இளவரசன் பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருகிறவன் மாதிரி இருக்கிறான் என்று அவர் சொன்னது இன்னும் பெரிய குற்றமானது, அப்போது அவருக்கு 21 வயது. 2024இல் பாலஸ்தீன விடுதலைக்காக ஒரே ஒரு வரி எழுதினார், அதற்கும் திட்டு.

2025 மார்ச்சில் படம் வந்து ஓடவில்லை. திரைக்கதை அவருடையதில்லை, பலரும் குறைசொன்ன அந்த ஏழு குள்ளர்களைக் கணினி வரைகலையில் உருவாக்கியதும் அவரில்லை. ஆனாலும் பழியில் பெரும்பங்கு அவர் தலையில்தான்.

படம் பிடிக்காவிட்டால் படத்தைத் திட்டுங்கள், சரி. வாய் திறந்து பேசினாள் என்பதற்காக ஒரு பெண்ணை வருடக்கணக்கில் துரத்துவதை விமர்சனம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.