கெமர் மண்ணில் காரைக்கால் அம்மை

கம்போடியாவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்க பேயம்மா இருக்காளாமே, பாத்துட்டு வருவியா?" என்பதுதான். அம்மா காரைக்கால்காரர். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து வீசும் மாம்பழங்களை முந்தானையில் பிடித்து வளர்ந்தவர். அவருக்குக் காரைக்கால் அம்மையார் நாயன்மார் வரிசையில் ஒருவர் மட்டுமில்லை, பக்கத்துத் தெருப் பெண். "பேயம்மா" என்று உரிமையோடுதான் சொல்வார்.

இருபத்திரண்டு பேர் சேர்ந்த குழு. பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கூடவே ஒரு சமையல்காரர், இரண்டு பெட்டி அரிசி பருப்போடு. ஜனவரி மாதம் என்பதால் வெயில் தாங்கும்படி இருந்தது. சியம் ரீப்பில் இறங்கிய மறுநாள் விடியற்காலையில் அங்கோர் வாட். மூன்று நாள் அனுமதிச்சீட்டு 62 டாலர், நம் முகத்தையும் அதில் அச்சடித்துத் தருகிறார்கள். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும் என்பது விதி. புடவைக்காரர்களுக்குக் கவலையே இல்லை.

அகழிக்கு முன்னால் நின்றபோதே குழுவில் ஒருவர் ஆரம்பித்துவிட்டார். "இது நம்ம ராஜா கட்டினது. பாண்டிய வம்சம்." வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. எங்கள் வழிகாட்டி, முப்பது வயதுக்குள் இருக்கும் கெமர் (கம்போடிய இனத்து) இளைஞர், புன்னகைத்தாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் என்ற கெமர் அரசர் திருமாலுக்காக எழுப்பிய கோயில் இது. கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் இருக்கின்றன. "வர்மன்" என்று பெயர் முடிந்தால் நம் ஊர்க்காரர் ஆகிவிட முடியுமா? உறவு இருந்தது, அது உண்மை. ராஜேந்திர சோழனுக்குக் காம்போஜ மன்னர் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. காம்போஜ ராஜா காணிக்கையாகத் தந்த ஒரு கல்லைச் சிதம்பரம் கோயிலில் பதித்ததாக குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அந்த மரியாதையே போதாதா?

பாற்கடல் கடையும் சிற்பம் சுமார் 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் அசுரர்கள், மறுபக்கம் தேவர்கள், நடுவில் மந்தர மலையும் ஆமையும். சுவர் முழுக்க ஒரே இழுப்பு. எல்லாரும் அங்கே நின்று படம் எடுத்தார்கள். ஆனால் என்னை நிறுத்தியது மேற்கு வாசலில், உள்ளே நுழையும் இடத்திலேயே நிற்கும் எட்டுக் கைப் பெருமாள். மஞ்சள் பட்டு சுற்றி, காலடியில் ஊதுபத்தியும் பழமும் வைத்திருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் அவரை "தா ரீச்" என்கிறார்கள். தா என்றால் தாத்தா, ரீச் என்றால் ராஜா என்று வழிகாட்டி சொன்னார். ராஜா தாத்தா! பௌத்த நாட்டில் பெருமாள் ஊர்க் காவல் தெய்வமாகி நிற்கிறார். அர்ச்சகர் இல்லை, மணி இல்லை. ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளை நெற்றி வரை உயர்த்திக் கும்பிட்டு, ஏதோ குடும்பக் கஷ்டத்தை முணுமுணுத்துவிட்டுப் போனாள். நானும் அவளுக்குப் பின்னால் நின்று அதையே செய்தேன்.

பாயோன் கோயிலின் கல் முகங்களையும், ஏழாம் ஜெயவர்மன் தன் தாய்க்காக 1186-இல் கட்டிய தா ப்ரோமையும் ஒரே மதியத்தில் ஓட்டமாகப் பார்த்தோம். வேர்கள் சுவரைக் கவ்வியிருக்கும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கோயில் கல்வெட்டில் நாடு முழுவதும் 102 ஆதுலர் சாலைகள், அதாவது மருத்துவமனைகள், இருந்ததாக எழுதியிருக்கிறதாம். அதைக் கேட்டபின் அந்த அரசரின் மேல் தனி மதிப்பு வந்தது.

மூன்றாம் நாள் காலை குலேன் மலை. 802-இல் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவித்துக்கொண்ட இடம், அப்போது அதன் பெயர் மகேந்திர பர்வதம். ஆற்றின் படுகையிலேயே வரிசை வரிசையாகச் சிவலிங்கங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் அவற்றின் மேல் தவழ்ந்து கீழே சமவெளிக்கு இறங்குகிறது. ஓடும் ஆறே ஓயாமல் அபிஷேகம் செய்கிறது, அந்தத் தீர்த்தம்தான் தலைநகரத்து வயல்களுக்கும் போயிருக்கிறது. யார் யோசித்தாரோ! கெமர் குடும்பங்கள் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் போனார்கள். எங்கள் குழுவிலும் ஆளுக்கொரு பாட்டில்.

மதியம் பான்தே ஸ்ரே. நான் வந்ததே இதற்காகத்தான். பயண நிறுவனத்தார் இதற்கு ஒதுக்கியிருந்தது நாற்பது நிமிடம். கடைத்தெருவுக்கு ஒன்றரை மணி நேரம்! அந்தக் கோபத்திலேயே இறங்கினேன். வாசலில் மாங்காய்க் கடை. கீறிய மாங்காயும் உப்பு மிளகாயும் ஒரு பையில் போட்டுத் தந்தாள் ஒரு பெண். வழிகாட்டி காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பாதியை அவரிடம் நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் வாங்கிக்கொண்டார்.

சின்னக் கோயில். கருவறை வாசலின் உயரம் 108 சென்டிமீட்டர்தான். இளஞ்சிவப்பு மணற்கல், மரத்தில் இழைத்ததுபோல் நுணுக்கமான வேலை. கட்டியது அரசர் இல்லை, யக்ஞவராகர் என்ற ராஜகுரு. பிரதிஷ்டை ஆனது 967-இல், அன்றைக்கு இறைவன் பெயர் திரிபுவனமகேஸ்வரர். ஸ்ரே என்றால் கெமர் மொழியில் பெண். நம் ஸ்திரீதான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது.

கிழக்கு வாசல் ஒன்றின் நெற்றியில் சிவபெருமான் ஆடுகிறார். கைகள் விசிறிபோல் விரிந்திருக்கின்றன. ஒரு பக்கம் ஒருவர் மத்தளம் கொட்டுகிறார். எதிர்ப்பக்கம் காலடியில், ஓரமாக, ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள் ஒரு கிழவி. எலும்பு தெரியும் உடம்பு, வற்றித் தொங்கும் மார்பு. "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" என்று திருவாலங்காட்டுப் பதிகத்தில் தன் உருவத்தைத் தானே பாடிவைத்தாளே, அந்த வரியைக் கேட்டுவிட்டுத்தான் சிற்பி உளியை எடுத்தானோ என்று இருந்தது. ஆய்வாளர்கள் பலரும் இவளைக் காரைக்கால் அம்மையார் என்றுதான் அடையாளம் காண்கிறார்கள். சுற்றிலும் எத்தனையோ அழகான தேவதைப் பெண்கள் மாடங்களில் நிற்கிறார்கள். அந்த அழகிகளில் சிலரை 1923-இல் ஒரு பிரெஞ்சு இளைஞர் பெயர்த்துக்கொண்டு போய்ப் பிடிபட்ட கதையும் உண்டு. இந்தக் கிழவியை யாரும் தொடவில்லை. அழகு வேண்டாம், பேய் உருவம் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டவளுக்கு அதில் ஒரு லாபம்!

அங்கே நின்றுகொண்டு விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். 967. ராஜராஜன் அரியணை ஏற இன்னும் 18 வருடம் இருக்கிறது. ராஜேந்திரனின் கப்பல்கள் கடாரத்துக்குப் போனது 1025-இல். சேக்கிழார் அம்மையின் கதையைப் பாடப்போவது பன்னிரண்டாம் நூற்றாண்டில். அப்படியென்றால் எந்தப் படையும் போகும் முன்னே, பெரிய புராணமே எழுதப்படும் முன்னே, புனிதவதி கடலைக் கடந்து வந்து இந்த வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கயிலைக்குத் தலையால் நடந்தவளுக்குக் கடல் என்ன பெரிய தூரம்? எந்த வணிகர், எந்த அடியார் அவளை வாயில் பாட்டாகச் சுமந்து வந்தாரோ. பாண்டிய வம்சம் என்று சொன்னவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, பாடத் தெரிந்த ஒரு மாமியிடம், "ஏதாவது பாடுங்களேன்" என்றார். மாமி மெல்லிய குரலில் பதிகத்தை எடுத்தார். காவலாளி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். நாற்பது நிமிடம் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. கடைத்தெரு அடிபட்டுப் போனதில் எனக்குப் பரம திருப்தி.

மறுநாள் தோன்லே சாப் ஏரி. கம்போங் ப்ளூக் கிராமத்து வீடுகள் உயரமான மரக்கால்களில் நிற்கின்றன. மழைக்காலத்தில் மேகாங் பெருகும்போது தோன்லே சாப் ஆறு திசை மாறிப் பின்னோக்கி ஓடி ஏரியை நிரப்புகிறது. தண்ணீர் வீட்டு வாசல் வரை ஏறிவிடுமாம். நவம்பர் வாக்கில் ஆறு மறுபடி திரும்பிக் கடல் பக்கம் ஓடுகிறது, அதற்குத்தான் படகுப் பந்தயத்தோடு தண்ணீர்த் திருவிழா. நாங்கள் போனபோது நீர் இறங்கிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க இறால் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் சைவக் குழு மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்ததைப் பார்த்து அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் மட்டும், "எங்க ஊர் வாசனை" என்று ஆழ மூச்சிழுத்தார். எங்கள் படகின் முகப்பில் ஒரு சின்ன டப்பாவில் மணல் போட்டு ஊதுபத்தி செருகியிருந்தது. படகோட்டி கிளம்பும் முன் அதைத் தொட்டுக் கும்பிட்டார்.

புனோம் பென் போகும் வழியில் சம்போர் ப்ரே குக். ஏழாம் நூற்றாண்டின் ஈசானபுரம். பல்லவ மகேந்திரவர்மனும் அப்பரும் வாழ்ந்த காலத்தில் இங்கே காட்டுக்குள் செங்கல்லில் எண்கோணக் கோயில்கள் எழுந்திருக்கின்றன. பல கருவறைகளில் ஆவுடை மட்டும் இருக்கிறது, லிங்கம் இல்லை. ஒரு மூத்தவர் தன் குலேன் பாட்டிலைத் திறந்து, வெறும் ஆவுடையில் கொஞ்சம் ஊற்றினார்.

புனோம் பென்னில் ஆறுகள் நான்கு கிளைகளாகக் கூடும் இடத்துக்குச் சக்தோமுக் என்று பெயர், நம் சதுர்முகம். அரண்மனை, வெள்ளித் தரை பதித்த புத்தர் கோயில், அருங்காட்சியகத்தில் பாதி சிவனும் பாதி திருமாலுமாக நிற்கும் ஹரிஹரர், எல்லாம் பார்த்தாயிற்று. துவோல் ஸ்லெங் சிறைக்குப் போவதா வேண்டாமா என்று மட்டும் பேருந்தில் வாக்குவாதம். "ஸ்தல யாத்திரையில சிறைச்சாலை எதுக்கு?" என்றார்கள் சிலர். பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம் அது. 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் நாடெங்கும் பதினைந்து லட்சம் பேருக்கு மேல் மாண்டிருக்கிறார்கள், துறவிகளின் காவியைக் களையவைத்திருக்கிறார்கள். நாங்கள் எட்டுப் பேர்தான் இறங்கினோம். வழிகாட்டி உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"பாத்தியா பேயம்மாவ?"

"பாத்தேன்மா. அப்படியே பாட்டுல இருக்கற மாதிரி. ஓரமா உக்காந்திருக்கா."

"ஒரு மாம்பழமாவது வச்சியாடி?"

எனக்குத் திக்கென்றது. "மாங்காய்தான்மா கெடச்சது. உள்ள போறதுக்கு முன்னாடியே தின்னுட்டேன்."

"நீ மட்டுமா தின்ன?"

"இல்ல, கூட வந்த பையன் பசியோட இருந்தான். அவனுக்குப் பாதி குடுத்தேன்."

"அப்ப சரி," என்று அம்மா போனை வைத்துவிட்டார்.