புனைபெயரில் எழுதுவோருக்கு: ஏற்காடு, சேலம் நாட்குறிப்பு

ஜூலை 7, 2025. ஏற்காடு

எஸ்டேட் கூலி நிலுவையைப் பற்றியோ, சேலம் வழியாக ஓடும் திருமணிமுத்தாற்றில் கலக்கும் சாயக்கழிவைப் பற்றியோ பெயர் போடாமல் எழுத நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்புகள். முதலில் படம்.

முகம் தெரியாவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். கேமராவில் லொகேஷன் ஆனில் இருந்தால், அட்சரேகை, தீர்க்கரேகை, எடுத்த நேரம், போன் மாடல் எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் என்றாலே சுமார் 11 மீட்டர். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பில் எந்த லயன் வீடு என்று சொல்லிவிட அது போதும். சில்வர் ஓக் நிழலில் ஜிபிஎஸ் சற்றுத் தடுமாறும்தான், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இந்த விவரங்கள் நீங்கிவிடும். தெளிவு குறையக்கூடாதென்று டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். கேமரா செட்டிங்ஸில் லொகேஷன் டேகை அணைத்துவையுங்கள். ஏற்கெனவே எடுத்த படமென்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேலே தெரியும் நேரத்தையும் நோட்டிபிகேஷனையும் வெட்டிவிட்டு அதை அனுப்புங்கள். பின்னணியையும் ஒருமுறை பாருங்கள்: கொண்டை ஊசி வளைவின் எண் பலகை, கடை போர்டு, வண்டி நம்பர்.

ஜூலை 10. சேலம்

சிம் வாங்க அடையாளச் சான்று கட்டாயம் என்பதால், போன் எண்ணும் பெயரும் ஒன்றுதான். சொந்த எண்ணில் புனைபெயர்க் கணக்கு திறந்தால், அந்த எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று செயலியே காட்டிக்கொடுக்கக்கூடும். நன்கொடைக்கு யுபிஐ க்யூஆர் போடவே வேண்டாம். ஸ்கேன் செய்பவருக்கு வங்கிக் கணக்கின் பெயர் வந்து நிற்கும்.

சிக்னல் என்ற மெசேஜ் செயலியும் பதிவுக்கு எண் கேட்கும். ஆனால் 2024 முதல் யூசர்நேம் வைத்துக்கொள்ளலாம். எண்ணை யார் பார்க்கலாம், எண்ணைக் கொண்டு யார் தேடலாம் என்ற இரண்டு செட்டிங்கையும் 'யாரும் வேண்டாம்' என்று மாற்றுங்கள்.

விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும் சேவை. அதைப் போட்டால் இணையதளத்துக்கு உங்கள் ஐபி முகவரி (உங்கள் இணைய இணைப்பின் எண்) தெரியாது. விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி முதலியவற்றை அவர்கள் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சில நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்தே எடுத்துவிட்டன. அடையாளத்தை மறைத்து இணையத்தில் உலவ உதவும் டோர், மூன்று கணினிகள் வழியாகச் சுற்றிப் போவதால், அனுப்புபவரும் சேருமிடமும் ஒரே கணினிக்குத் தெரிவதில்லை. ஆனால் டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது இணைப்பு கொடுத்தவருக்குத் தெரியும். 2013இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொய் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பிய ஒரு மாணவர் பிடிபட்டது இப்படித்தான்: மிரட்டல் வந்த நேரத்தில் வளாக வைஃபையில் டோர் பயன்படுத்தியவர்களை விசாரித்தார்கள். கல்லூரி விடுதி வைஃபையில் நீங்கள் ஒருவரே டோர் போடுபவராக இருந்தால், உங்களைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

ஜூலை 15. சேலம்

எல்லாவற்றையும் மறைத்த பிறகும் எழுத்து காட்டிக்கொடுக்கும். தமிழில் இது இன்னும் மோசம். 'அவர்கள்' என்பதில் ர் போடாமல் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்து 'அவா்கள்' என்று அடிப்பவர்கள் உண்டு. பல எழுத்துருவில் வித்தியாசமே தெரியாது, தேடினால் உடனே தெரிந்துவிடும். 'ஸ்ரீ'க்கும் யூனிகோடில் இரண்டு வழி இருக்கிறது; எது வரும் என்பது கீபோர்டைப் பொறுத்தது. 'ஒரம்பரை', 'ஏனுங்க' என்று எழுதினால் கொங்குப் பக்கம் என்று ஊருக்கே தெரியும்.

'காலையிலிருந்து கரண்ட் இல்லை' என்ற ஒரு வரியும் ஆபத்துதான். பராமரிப்பு மின்தடை எந்தத் தேதி, எந்தப் பகுதி என்று பேப்பரிலேயே வருகிறது. 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில், 15 லட்சம் பேரின் செல்போன் தரவில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டின. மின்தடை, மழை, திருவிழா என்று நாமே அந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு போகிறோம்.

ஜூலை 18. ஏற்காடு

யாரிடமிருந்து மறைவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். காவல்துறை முறைப்படி கேட்டால் ஐபி முகவரியும் எண்ணும் கிடைக்கலாம். எஸ்டேட் முதலாளியால் அப்படிக் கேட்டு வாங்க முடியாது. அவர் படத்தையும் நடையையும் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார். அதனால் டோருக்கு முன் இவற்றைச் சரிசெய்வதே என் யோசனை. ஆற்றில் நுரை பொங்குவதைச் சொந்த மாடியிலிருந்து எடுக்காதீர்கள். யார் வேண்டுமானாலும் நிற்கும் பாலத்திலிருந்து எடுங்கள். அன்றே போடாமல், சில நாள் கழித்துப் போடுங்கள்.