மழை முடிந்ததும் கேலிப்பர் பின்னைக் கழற்றிப் பாருங்கள்

மும்பையில் ஓடும் காருக்கு பிரேக்கில் முதலில் மக்கர் செய்வது பெரும்பாலும் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கில் உராயும் பேட் அல்ல, பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் கேலிப்பர் வழுக்கி நகர உதவும் ஸ்லைடு பின்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் மழை, குர்லாவிலும் சயானிலும் முட்டளவு தேங்கும் தண்ணீர், வருஷம் முழுக்க வீசும் உப்புக்காற்று எல்லாம் சேர்ந்து பின்னைத்தான் பதம் பார்க்கும். பேட் மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிற கடைகள் ஏராளம். பின் இறுகியிருந்தால் புதுப் பேட்டும் அதே கோணலில் தேயும். அந்தக் காசு வீண்.

சிறிய கார்களின் முன்சக்கரத்தில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பர். பிஸ்டன் உள்பக்கத்துப் பேட்டைத் தள்ளும். அந்த எதிர்விசையில் கேலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்கத்துப் பேட்டை இழுத்து டிஸ்க்கோடு சேர்க்கும். பின் நகராவிட்டால் வேலையெல்லாம் உள்பேட் தலையில் விழும். வெளிப்பேட்டில் 8 மி.மீ. மீதி இருக்க, உள்பேட் 3 மி.மீ.க்கு வந்துவிட்டதென்றால் முதலில் பின்னைச் சந்தேகப்படுங்கள். பேட் ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்திருந்தால், இரண்டில் ஒரு பின் மட்டும் மாட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரம் மட்டும் கொதிப்பது, பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது, மைலேஜ் குறைவது எல்லாம் இதோடு வரும்.

கிரீஸ் விஷயத்தில் கறாராக இருங்கள். ஆபரா ஹவுஸ் பக்கத்து ஸ்பேர் கடைகளில் வெறுமனே ‘கிரீஸ்’ என்று கேட்டால் பேரிங்குக்குப் போடும் மல்டிபர்பஸ் கிரீஸ் கைக்கு வரலாம். அது மினரல் ஆயிலில் செய்தது. பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்டை உப்ப வைக்கும். உப்பிய ரப்பர் பின்னைக் கவ்விக்கொள்ளும், அடுத்த மழைக்குள் பழைய கதைதான். காப்பர் கிரீஸும் பின்னுக்கு ஆகாது. கேலிப்பர் பின்னுக்கென்றே வரும் சிலிக்கான் கிரீஸ் கேளுங்கள். 10 கிராம் இருந்தால் முன்பக்கத்து நான்கு பின்னுக்கும் போதும், மிச்சமும் இருக்கும்.

சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வீல் நட்டை ஜாக் ஏற்றும் முன்பே லேசாகத் தளர்த்திவிட வேண்டும். ஏற்றியதும் வண்டியைத் தாங்க அடியில் ஸ்டாண்ட் கட்டாயம். ஜாக்கை மட்டும் நம்பி உள்ளே கை விடாதீர்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம். பாகம் எப்படி உட்கார்ந்திருந்தது என்று குழம்பினால், பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கேலிப்பர் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

பின் போல்ட்டைத் திருப்பும்போது பின்னும் சேர்ந்து சுற்றப் பார்க்கும்; பூட் முறுக்கிக் கிழியும். மெல்லிய ஸ்பேனரால் பின்னின் தலையைப் பிடித்துக்கொண்டு போல்ட்டை மட்டும் திருப்புங்கள். கழற்றிய கேலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். மேல்பின், கீழ்பின் இரண்டும் ஒன்றாக இருக்காது என்பதையும் கவனியுங்கள். பல வண்டிகளில் ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் கேலிப்பர் மாட்டிக்கொள்ளும் அல்லது கடகடக்கும்.

பழைய கிரீஸ் காய்ந்த வெல்லப்பாகு மாதிரி பின்னில் அப்பியிருக்கும். பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பருக்கு அதுவும் எதிரி. பின் போகும் துளையையும் மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்து நன்றாகக் காய விடுங்கள். பின்னில் குழி விழுந்த துரு தெரிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒப்பேற்ற வேண்டாம். மேல்பூச்சு போன பின் சீக்கிரமே மறுபடி துருப்பிடிக்கும். பின்னும் பூட்டும் சேர்ந்த கிட் வாங்கிப் போடுங்கள்.

இனி கிரீஸ். பின் முழுக்க மெல்லிய படலம், பூட்டின் உதட்டுக்குள் கொஞ்சம், அவ்வளவுதான். துளைக்குள் நிறைய அடைத்தால் காற்றும் கிரீஸும் வெளியேற வழியில்லாமல் பின்னைத் திருப்பித் தள்ளும். கட்டைவிரலால் அழுத்திவிட்டு விடுங்கள்; பின் தானே வெளியே எகிறினால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. பூட்டின் உதட்டை லேசாகத் தூக்கி காற்றை விட்டு மறுபடி அழுத்துங்கள். வைத்த இடத்தில் நின்று, கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரவேண்டும்.

பேட்டின் இரு முனையிலும் நீட்டியிருக்கும் காது உட்காரும் ஸ்டீல் கிளிப்பையும் கழற்றுங்கள். அதன் அடியில் துரு படிந்து, கிளிப்பையே மேலே தூக்கி பேட்டை நெருக்கும். பின்னை எவ்வளவு கவனித்தாலும் இதை விட்டால் பிரேக் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். கம்பி பிரஷ்ஷால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். பிரேக் தூசியை வாயால் ஊதக் கூடாது. கிளீனரால் நனைத்துத் துடைக்கவும். காதில் பொட்டளவு கிரீஸ் போதும். பேட்டின் உராயும் பக்கத்திலோ டிஸ்க்கிலோ துளிகூடப் படக் கூடாது.

பிஸ்டனை சி-கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டேங்க்கில் மட்டம் ஏறும். முதலிலேயே மேக்ஸ் கோட்டருகே இருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பெயின்டில் சிந்தினால் அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டிகளில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டியிருக்கலாம். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் இருந்தால் சர்வீஸ் மோடுக்குப் போகாமல் தொடவே வேண்டாம்.

பின் போல்ட்டுக்கு பல சிறிய கார்களில் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கும் இறுக்கம்) போதும். உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள அளவே முடிவு. ஸ்டார்ட் செய்து நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பல தடவை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதியில் பிரேக் இருக்காது. ஆயில் மட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள்.

பிஸ்டனைச் சுற்றிய பூட் கிழிந்திருந்தாலோ, அங்கே ஈரம் கசிந்திருந்தாலோ கிரீஸால் தீராது. சீல் கிட் அல்லது கேலிப்பரே மாற்ற வேண்டும். ஆயில் லைனைத் திறந்து காற்றெடுக்கும் வேலை என்பதால் அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.